கெண்டைச் செவுளில் இரண்டு புழுக்கள்

ஆறு வருடங்களாக ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் தாரணி தன் முன்னாள் மாமியாரின் கையோடு கை சேர்த்து அரை மணி நேரம் உட்கார்ந்து வருகிறாள். முன்னாள் கணவனின் கையை அவள் தொட்டு மூன்று வருடம் ஆகிறது. மாமியாரை மட்டும் விட முடியவில்லை. விட்டால், பன்னிரண்டாம் நாள் தாரணியின் உடம்பு தனக்குள்ளே இருக்கும் கிட்னியோடு சண்டையைத் தொடங்கிவிடும்.

அந்தக் கிட்னி மாமியார் வளர்மதியுடையது. தாரணிக்கு இருபத்தெட்டு வயதில் இரண்டு கிட்னியும் சுருங்கிப் போயின. கணவன் கௌதமின் இரத்தப் பிரிவு சேரவில்லை. அவளுடைய அம்மாவுக்குச் சர்க்கரை. “எனக்கு ஒண்ணு போதும், இன்னொண்ணை எடுத்து அவளுக்கு வெய்யுங்க” என்று வளர்மதிதான் போய்ப் படுத்தாள். அடுத்த மூன்றாம் வருடம் கௌதம் பெங்களூரில் வேறொரு பெண்ணோடு வாழ விரும்பினான். பெரிய சண்டை எதுவுமில்லை. மனம் ஒத்துத்தான் பிரிந்தார்கள். “அப்படியானால் இந்தச் செவ்வாய்க்கிழமை ஏற்பாடு?” என்று நீதிபதி கேட்டபோது வளர்மதி எழுந்து நின்று சொன்னாள்: “பையன்தானுங்க பிரிஞ்சுட்டான். என்ற கிட்னி பிரியலீங்களே.”

நீதிபதி சிரித்துவிட்டார். தாரணி அழுதுவிட்டாள்.

பவானிசாகர் அணைக்குக் கீழே, மீன் வறுவல் கடைகளைத் தாண்டி இடதுபுறம் திரும்பினால் அந்த மையம். வளர்மதி புளியம்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருவாள். தாரணி சத்தியமங்கலத்தில் மல்லிகையிலிருந்து வாசனைச் சாறு எடுக்கும் ஆலையில் தரம் பார்க்கிறாள். வேலை முடிந்ததும் ஸ்கூட்டரில் வந்து சேருவாள். கை வைப்பதற்கென்று குழித்த மேசைக்கு இருபுறமும் உட்காருவார்கள். எதிரே இருக்கும் சின்னத் திரையில் பச்சைக் கோடு ஏறும். எண்பதைத் தாண்டினால் அந்த வாரத்துக்குப் போதும்; மையத்தின் ஆய்வாளன் திருமூர்த்தி நோட்டில் குறித்துக்கொள்வான். தேதி, பெயர், அளவு, காரணம் என்று நான்கு கட்டங்கள். காரணம் என்ற கட்டத்தில் எல்லா வரியிலும் ‘சிகிச்சை’ என்றே இருக்கும். பிறகு மாமியாரும் மருமகளும் வெளியே போய், எந்த மீனின் செவுளிலிருந்து தங்கள் வைத்தியம் வந்ததோ அதே கெண்டையை ஆளுக்கு இரண்டு துண்டு வறுத்துச் சாப்பிடுவார்கள்.

அந்த வைத்தியத்தை முதல் நாள் திருமூர்த்திதான் அவர்களுக்கு விளக்கினான். மீன் ஒட்டுண்ணிகளைப் படித்தவன். திரையில் கெண்டையின் செவுளைப் பெரிதாக்கிக் காட்டினான். சிவப்பு இழைகளுக்கு நடுவே பெருக்கல் குறி போல ஒரு வெள்ளைப் புழு.

“இது ஒண்ணு இல்லீங்க, ரெண்டு. தனித்தனியாப் பொறந்து நீந்திப் போயி மீனோட செவுள்ல ஒட்டிக்கும். அங்க ஜோடி கெடைச்சா ரெண்டும் சதையோட சதையாச் சேந்துரும். சாகற வரைக்கும் பிரியாது.”

“ஜோடி கெடைக்கலைன்னா?” என்றாள் வளர்மதி.

“வளராதுங்க. சின்னதாவே இருந்து செத்துப்போகும்.”

“சதையோட சதை சேந்தா ஒண்ணை ஒண்ணு எதுக்காதா தம்பி? என்ற கிட்னியவே இவ உடம்பு எதுக்கும்ங்கறாங்க.”

“அதானுங்க விசயம். தனியா இருக்கறப்ப புழுவுக்குள்ள ஒரு மரபணு தூங்கிட்டே கெடக்கும். ஜோடி மேல பட்டதும் அது முழிச்சு ஒரு புரதம் செய்யும். ‘இது வெளியாளு இல்ல, சண்டைக்குப் போகாதே’ன்னு உடம்புக்குச் சொல்ற புரதம். அந்த மரபணுவை வெச்சு ஒரு சின்னப் பட்டை செஞ்சு உங்க ரெண்டு பேரு மணிக்கட்டுலயும் தோலுக்கடியில வெக்கறோம். ஒரே ஜோடிப் புழுவோட ரெண்டு பாதி. முதல்ல ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாள், தினமும் கை சேத்து உக்காரணும். அப்புறம் வாரம் ஒருக்கா போதும். மாத்திரையே வேண்டாமுங்க.”

தாரணிக்கு அதுதான் முக்கியம். மற்றவர்கள் ஆயுள் முழுக்க விழுங்கும் மாத்திரை அவள் கல்லீரலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு மாதத்துக்கு மேல் கொடுக்கவே முடியாது என்று டாக்டர் எழுதியே வைத்திருந்தார்.

வளர்மதி திரையில் இருந்த பெருக்கல் குறியை விரலால் தொட்டாள். “ஜோடில ஒண்ணு செத்துப்போச்சுன்னா?”

திருமூர்த்திக்குப் பொய் வராது. “இன்னொண்ணும் போயிருமுங்க” என்றான். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, “நான் புழுவைச் சொன்னேனுங்க” என்றான்.

வளர்மதி கையை நீட்டினாள்.

இப்படிக் கை சேர்ப்பவர்கள் இப்போது மாநிலம் முழுக்க இரண்டாயிரம் ஜோடிகளுக்கு மேல் இருந்தார்கள். பிழைத்துக் கிடக்கிறோம் என்ற நிம்மதி எல்லோருக்கும் உண்டு. கூடவே வேறு சங்கடங்களும் உண்டு. வெளிநாட்டு வேலையை விட்டுவிட்டு அக்காவுக்காக ஊரிலேயே இருந்துவிட்ட தம்பிகள் இருந்தார்கள். கோபம் வந்தால் “அடுத்த வாரம் வரமாட்டேன் பாத்துக்க” என்று மிரட்டும் கணவர்கள் இருந்தார்கள். இதே மையத்துக்கு வரும் அண்ணன் தம்பி இருவர், கிணற்றுத் தகராறில் பேச்சை நிறுத்தியவர்கள், முதுகோடு முதுகாக உட்கார்ந்து கையைப் பின்னால் நீட்டிச் சேர்த்துக்கொள்வார்கள். தாரணியைப் பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்களும் செவ்வாய்க்கிழமையைப் பற்றிக் கேட்டதும் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போயின. பழைய மாமியாரையும் சேர்த்து யார் வீட்டுக்கு அழைத்துப் போவார்கள்?

“போறானுக விடு” என்பாள் வளர்மதி. ஆனால் அன்றெல்லாம் அவள் மீன் துண்டு தட்டிலேயே ஆறிப்போகும்.

அந்த வருடம் ஆயுத பூசைக்கு இரண்டு நாள் இருந்தது. செவ்வாய்க்கிழமை. திருமூர்த்தி முகம் வெளுத்துப்போய் வந்து நின்றான்.

“அம்மா, ஒரு விசயம் சொல்லோணும். டாக்டர்கிட்டகூட இன்னும் சொல்லல. உங்க ரெண்டு பேர்கிட்டத்தான் மொதல்ல.”

“கல்யாணமா தம்பி?”

“இல்லீங்க.”

“முப்பத்தெட்டு முடிஞ்சுருச்சு, இன்னும் இல்லீங்கன்னா எப்படி?”

“அத்தை, அவரைப் பேச விடுங்க” என்றாள் தாரணி.

அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். மையத்துக்குப் புது இயந்திரம் வந்திருக்கிறது. எல்லாருடைய பட்டையின் மரபணுவையும் மறுபடி படித்துப் பதிவு செய்கிறார்கள். “உங்க ரெண்டு பேருது நேத்துப் படிச்சேன். உங்க கையில இருக்கறது ஒரே ஜோடிப் புழு இல்லீங்க. வேற வேற.”

“வேறன்னா?”

“ஆறு வருசத்துக்கு முந்தி, ஆயுத பூசைக்கு எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வெச்சோம். நுண்ணோக்கி, கத்தரி, பட்டை வெச்ச தட்டு, ஒண்ணு விடல. மறுநாள் தட்டைத் துடைக்கறப்ப, மேல பேனாவுல எழுதியிருந்த நம்பரும் சந்தனத்தோட போயிருச்சு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்குதுன்னு நானே திரும்ப எழுதுனேன். ரெண்டு தட்டு மாறிப்போச்சு.” அவன் தலை நிமிரவில்லை. “அதுக்கப்புறம் நாலாம் நாள் உங்களுக்கு வெச்சோம். நடந்தது என்ற தப்புங்க. வேற ஆளு மேல இல்ல.”

வளர்மதி தன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். “எங்களோட மிச்சப் பாதி யாருகிட்ட இருக்குது?”

“அந்த முதுகு காட்டி உக்காருவாங்களே, அண்ணன் தம்பி. அவங்ககிட்ட.”

“அடடா! அதான் பாத்தேன். மாமியா மருமக சண்டை எங்க போச்சு, நாம ஏன் சண்டையே போடறதில்லைன்னு. அத்தனையும் அங்கயல்ல போயிருக்குது!”

தாரணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். திருமூர்த்தியால் சிரிக்க முடியவில்லை.

“விளையாட்டில்லீங்க. வேற வேற புழுன்னா உங்களுக்கு வேலையே செஞ்சிருக்கக் கூடாது. ஆனா ஆறு வருசத்துல ஒரு நாள்கூட எம்பதுக்குக் கீழ எறங்குனதில்லை. ராத்திரி பூராவும் யோசிச்சேன். நாங்க நெனச்சது தப்பு. அந்த மரபணு தன்னோட சொந்தப் பாதியைப் பாத்து முழிக்கல. ஒரு மண்டலம் தினமும் வந்து உக்காந்தது யாரோ, அவங்களைப் பழகிட்டு முழிச்சிருக்குது.”

தாரணிக்கு மெல்லப் புரிந்தது. “அப்படின்னா... யாரு வேணும்னாலும்?”

“ஒரு பட்டை வெச்சுட்டு நாப்பத்தெட்டு நாள் உக்காந்தா, யாரு வேணும்னாலும். அப்படித்தான் தோணுது. இன்னொருத்தரை வெச்சுப் பாத்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்.”

மையத்தின் பெரிய டாக்டர் மறுநாள் அவனை ஒரு மணி நேரம் திட்டினார். அடுத்த ஒரு மணி நேரம் அவனோடு சேர்ந்து கணக்குப் போட்டார். இரண்டாயிரம் ஜோடிகளில் எத்தனை பேரை அவிழ்த்துவிடலாம் என்ற கணக்கு. சோதனைக்கு நிபந்தனைகள் இருந்தன. புதிய ஆள் பழகும்வரை பழைய ஆள் தொடவே கூடாது. தொட்டால் பட்டை பழைய கையையே பிடித்துக்கொள்ளும். அதுவரை தாரணிக்கு மாத்திரைதான். இரண்டு மாதத்துக்குள் விழிக்காவிட்டால் வளர்மதியைத் திரும்ப அழைக்க வேண்டும். பழைய ஜோடி நான்கைந்து நாளில் விழித்துக்கொள்ளும் என்று டாக்டர் நம்பினார். நிச்சயமாகச் சொல்ல முடியாது என்பதையும் மறைக்கவில்லை.

“வேண்டாம் அத்தை” என்றாள் தாரணி. “இப்படியே நல்லாத்தானே இருக்கோம்?”

வளர்மதி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். “எனக்கும் ஒரு வேலை இருக்குது அம்மிணி. கௌதம் புது வீடு வாங்கியிருக்கறான். வந்து ரெண்டு மாசம் இருங்கம்மான்னு கூப்பிட்டுட்டே இருக்கறான். இந்தச் செவ்வாயை வெச்சுட்டு நான் எங்க போறது?”

தாரணிக்குச் சுருக்கென்றது. அத்தை சொல்வதில் தப்பில்லை. ஆறு வருடமாக எந்த ஊரிலும் ஒரு வாரத்துக்கு மேல் தங்காதவள். பெற்ற பிள்ளையின் வீட்டைப் பார்க்க ஆசைப்படக் கூடாதா? ஆனால் அந்த வீட்டில் இன்னொரு மருமகள் இருக்கிறாள். இந்தச் சோதனை பலித்துவிட்டால் அத்தை இங்கே வருவதற்குக் காரணம் என்ன மிச்சமிருக்கும்?

அதைச் சொல்லாமல், “சரிங்க அத்தை, போய்ட்டு வாங்க” என்றாள். “யாரு உக்காருவாங்க?”

“ஏன், தப்புப் பண்ணுன தம்பியே உக்காரட்டும்!”

திருமூர்த்தியின் காது சிவந்துபோனது. ஆனால் மறுநாளே மணிக்கட்டில் பட்டை வைத்துக்கொண்டான்.

முதல் பத்து நாட்கள் இருவரும் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ஆறு மணிக்கு அவள் ஆலையிலிருந்து வருவாள். அவன் மீன் தொட்டியிலிருந்து வருவான். எலுமிச்சை போட்டுத் தேய்த்தும் அவன் கையில் மீன் வாசம் போகவில்லை. அவள் கையில் எப்போதும் மல்லிகை.

“உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்” என்றான் ஒருநாள்.

“எதுக்குங்க?”

“இந்த வாசம்.”

“நான் நாள் முழுக்க மல்லியை மோந்துட்டு இருக்கறவ. மீன் வாசம் வந்தாத்தான் மூக்கு இருக்குதுன்னே தெரியுது.”

அவன் அன்று முதல்முறையாக அவள் எதிரில் சிரித்தான்.

மாத்திரை அவள் கையை நடுங்க வைத்தது. டீ சிந்தியது. அவன் பெரிய டம்ளரில் பாதி மட்டும் ஊற்றித் தரத் தொடங்கினான். இப்போது எதையும் இரண்டு நோட்டில் எழுதினான். “ஒண்ணை யாராவது துடைச்சுட்டா?” என்பான். “ரெண்டையும் துடைச்சுட்டா?” என்று அவள் கேட்டதற்கு ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, அடுத்த நாள் மூன்றாவது நோட்டோடு வந்து நின்றான். அவள் அதைப் பிடுங்கி அலமாரியில் வைத்தாள்.

வளர்மதி தினமும் போனில் பேசினாள். பெங்களூர் குளிராம், வீடு பெரிசாம், பக்கத்தில் காய்கறி கிடைக்காதாம். ஒருநாள் பேச்சுக்கு நடுவே மயில் அகவியது.

“என்னங்க அத்தை, பெங்களூர்ல மயிலா?”

“டிவில கண்ணு. சத்தமா வெச்சிருக்கறாங்க” என்று வளர்மதி போனை வைத்துவிட்டாள்.

முப்பதாம் நாள் அளவு பூஜ்யம். முப்பத்தைந்தாம் நாளும் பூஜ்யம். இரத்தப் பரிசோதனையில் கல்லீரல் எண்கள் ஏறிக்கொண்டிருந்தன. முப்பத்தேழாம் நாள் இருவரும் அந்தத் திரையையே வெறித்திருந்தார்கள்.

“எனக்குப் பயமா இருக்குதுங்க” என்றாள். “அத்தையும் இல்ல, இதுவும் முழிக்கலைன்னா நான் என்ன பண்றது?”

அவன் எழுந்து திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தான். “நாம பாக்கறதை அது பாத்துட்டு இருக்குதோ என்னவோ. இனி பாக்க வேண்டாம். கருவி பாட்டுக்குப் பதிஞ்சுக்கட்டும். நீங்க உங்க ஆலையைப் பத்திச் சொல்லுங்க. ஒரு கிலோ சாறுக்கு எத்தனை பூ?”

அவள் சொன்னாள். அரும்பாகப் பறிக்க வேண்டும், மொட்டு அவிழும் நேரத்தில் சாறு எடுக்க வேண்டும், ஒரு மணி நேரம் தப்பினால் வாசம் மாறிவிடும். அவன் தன் வேலையும் அப்படித்தான் என்றான். மீனை வெளியே எடுத்த சில நிமிடத்துக்குள் புழுவை உறைய வைக்காவிட்டால், எந்த மரபணு விழித்திருந்தது என்ற தடமே அழிந்துவிடும். பேசிப் பேசி அரை மணி முக்கால் மணி ஆனது. ஒருநாள் ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. வறுவல் கடைக்காரர் வந்து, “சட்டியை எறக்கப் போறேன், ரெண்டு பேரும் வர்றீங்களா இல்லியா?” என்று சத்தம் போட்டார்.

நாற்பத்தாறாம் நாள் டாக்டர் உள்ளே வந்து திரையைத் தன் பக்கம் திருப்பினார். திரும்பவும் அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

எண்பத்துநான்கு.

அன்று வெளியே வந்து மீன் கடைப் பலகையில் உட்கார்ந்ததும் தாரணி கேட்டாள். “சோதனை முடிஞ்சுருச்சே. உங்க பட்டையை எப்பக் கழட்டுவாங்க?”

“சின்ன வெட்டுதான். பத்து நிமிசம். நாளைக்குக்கூடக் கழட்டலாம்.” அவன் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தில் வைத்தான். “ஆனா கேட்டுட்டுத்தான் கழட்டோணும்.”

“டாக்டரையா?”

“இல்லீங்க.”

அவள் தன் தட்டிலிருந்த நடுத்துண்டை எடுத்து அவன் தட்டில் வைத்தாள். “அப்ப கழட்ட வேண்டாம்” என்றாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வளர்மதி வந்தாள். வெயிலில் கொஞ்சம் கறுத்திருந்தாள். கையில் ஒரு துணிப்பை. வந்ததும் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதோ பதில் கிடைத்த திருப்தியோடு பையிலிருந்து நாட்டுச் சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

“வாய் இனிக்கட்டும். பெங்களூர்லருந்து கொண்டாந்தேன்.”

பொட்டலத்தின் மேல் ‘கவுந்தப்பாடி’ என்று பக்கத்து ஊரின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது.

தாரணி அதைப் படித்தாள். மயில் நினைவுக்கு வந்தது. “கவுந்தப்பாடி எப்ப அத்தை பெங்களூருக்குப் போச்சு?”

வளர்மதி பொட்டலத்தைத் திருப்பி வைத்தாள். அது போதாதென்று தெரிந்ததும் சிரித்துவிட்டாள்.

“சுகந்தி வீட்டுல இருந்தேன். கோபில.” சுகந்தி அவள் தங்கை. கோபி பவானிசாகரிலிருந்து ஒரு மணி நேரத் தூரம்.

“கௌதம்?”

“கூப்பிட்டது நெசந்தான். அடுத்த வருசம் போய்க்கலாம். நான் இங்கயே இருந்தா நீ இன்னொரு ஆளுக்கு ஒத்துக்குவியா? ‘இப்படியே நல்லாத்தானே இருக்கோம்’னு சொல்லீட்டே என்ற கையைப் பிடிச்சுட்டு இருந்திருப்பே.”

“இருந்தா என்னங்க அத்தை?”

வளர்மதி திருமூர்த்தியைக் காட்டினாள். “மொத நாளே இந்தத் தம்பி சொன்னாரு, ஜோடில ஒண்ணு போச்சுன்னா இன்னொண்ணும் போயிரும்னு. ஆறு வருசமாக் காய்ச்சல்னு படுத்தாக்கூட எனக்கு அதே நெனப்பு. எனக்கு அறுபது ஆகப் போவுது. உனக்கு முப்பத்திநாலு. நீ என்னோட நின்னுறக் கூடாது பாரு.” மூக்கை உறிஞ்சினாள். “தட்டு மாறிப்போச்சுன்னு இவரு வந்து சொன்ன அன்னிக்கு, நான் திட்டுவேன்னு பயந்துட்டு உக்காந்திருந்தாரு. எனக்கானா அந்தச் சந்தனத்தைக் கண்ணுல ஒத்திக்கலாம் போல இருந்துச்சு.”

நாற்பத்தெட்டு நாளும் கௌதமின் புது வீட்டையும் அத்தையின் புது மருமகளையும் நினைத்துத் தான் பொருமியது தாரணிக்கு நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது. மேசையைச் சுற்றிப் போய் அவளைக் கட்டிக்கொண்டாள்.

“செரி செரி, சேலை நனையுது. இன்னிக்கென்ன கெழமை?” என்று வளர்மதி கண்ணைத் துடைத்துவிட்டு மேசைக் குழியில் கையை வைத்தாள். “வா, உக்காரு.”

திருமூர்த்தி தயங்கினான். “அம்மா, இனிமே தொட்டா ஒண்ணும் ஆகாதுங்க, ஆனா அவசியமில்லீங்க. இனி வாராவாரம் வியாழக்கிழமை நானே உக்காந்துக்குவேன். உங்க பட்டை தூங்கிருச்சு, பூஜ்யந்தான் காட்டும்.”

“காட்டீட்டுப் போகட்டும். நீங்க போயி மூணு டீ சொல்லுங். அவளுக்குப் பெரிய டம்ளர்ல பாதி ஊத்தச் சொல்லுங்.”

“அது உங்களுக்கு எப்படிங்க தெரியும்?” என்றான்.

“அவ போன்ல வேற என்னத்தைப் பேசுனா?”

தாரணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் கை மட்டும் போய் அத்தையின் கையோடு சேர்ந்துகொண்டது.

அவன் டீ சொல்லிவிட்டு வந்து வழக்கம்போல இரண்டு நோட்டையும் விரித்தான். தேதி எழுதினான். இருவர் பெயரையும் எழுதினான். திரையைப் பார்த்து, அளவு என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டான். கடைசிக் கட்டத்தில் ‘சி’ என்று பழக்கத்தில் தொடங்கிய கை நின்றது. தப்பாக எழுதுவதில்லை என்று அவன் சபதம் எடுத்திருந்தான். அதை அடித்துவிட்டு, காரணம் என்ற கட்டத்தில் ‘செவ்வாய்க்கிழமை’ என்று எழுதினான். பிறகு இரண்டாவது நோட்டிலும் அதையே எழுதினான்.